மகுடிக்குள் ஒளிந்திருந்த மின்பெட்டி: கிளாவியோலினும் அதன் இந்தியக் குரலும்

ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெரு வழியே செல்லும் ஒரு திருமண ஊர்வலத்தில் பேண்டு செட்டின் கிளாரினெட்காரர் மகுடி மெட்டை எடுத்தாரெனில் அடுத்து நிகழ்வதைத் தென்னிந்தியாவில் எவரும் ஊகித்துவிடலாம். இளைஞர் ஒருவர் கைக்குட்டையின் நுனியைப் பற்களுக்கிடையே கடித்துக்கொண்டு மகுடி ஊதுபவராகிவிடுவார். மற்றொருவர் இரு கைகளையும் தலைமேல் படமெனக் குவித்துத் தரையில் நெளிவார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் புழங்கும் அவ்வூரில் அந்த மெட்டுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படாது. அதை ‘நாட்டுப்புறப் பாட்டு’ என்றும், பாம்பாட்டிகளின் பரம்பரைச் சொத்து என்றும் கருதுவோரே மிகுதி.

வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. அம்மெட்டு பரவலானது 1954இல் வெளிவந்த ‘நாகின்’ என்னும் இந்தித் திரைப்படத்தின் வழியாக. அப்படத்தின் மகுடியிசையிலும் நாம் கேட்பது சுரைக்குடுக்கையும் நாணலும் சேர்ந்த மகுடியன்று. வெற்றிடக் குழாய், மின்தடை, மின்தேக்கி ஆகியவற்றாலான, இரு பெட்டிகளில் அடக்கித் தூக்கிச் செல்லத்தக்க ஒரு பிரெஞ்சு மின்னிசைக் கருவியின் குரல் அது. கருவியின் பெயர் கிளாவியோலின். பிற்காலத்தில் சின்தசைசர் என்று உலகம் அழைத்த கருவிக் குடும்பத்தின் மூத்த தலைமுறையைச் சேர்ந்தது. ஆய்வாளர் பலர் அதை அனலாக் சின்தசைசரின் நேரடி முன்னோடி என்பர். எளிய வகைச் சின்தசைசர் என்றே கொள்வாரும் உளர்.

இந்தக் கதையைத் தங்கவயலிலிருந்து தொடங்குவதற்கு ஊர்ப்பற்றைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. மின்னோட்டத்தைக் கொண்டு நாதம் எழுப்புதல் என்னும் எண்ணமும், மின்னோட்டத்தைத் தொலைதூரம் கொண்டுசெல்லுதல் என்னும் எண்ணமும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே பொறியை நம்பிப் பிறந்தவை. அப்பொறி மாறுதிசை மின்னியற்றி.

1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்தின் காவிரி அருவியிலிருந்து ஏறத்தாழ 92 மைல் கம்பிவழி கடந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. மைசூர் அரசின் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் அத்திட்டத்துக்கு ஊக்கமளித்தவர். அது நிறைவேறுவதைக் காணாமலே 1901இல் மறைந்தார். ஜோலி டி லோட்பினியேர் பொறியாளராக இருந்து நடத்தினார். மின்னியற்றிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்தும், நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனத்திலிருந்தும் வந்தன. அக்கால உலகின் மிக நீண்ட மின்கடத்துத் தடங்களுள் அதுவும் ஒன்று. பெங்களூரின் தெருவிளக்குகள் 1905இல்தான் எரிந்தன. அதற்கு மூன்றாண்டு முன்பே தங்கவயலின் சுரங்கப் பொறிகள் மின்சாரத்தால் இயங்கின. வட ஆர்க்காட்டிலிருந்தும் அதனையடுத்த பகுதிகளிலிருந்தும் சென்ற தமிழ்த் தொழிலாளர், அவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், இந்தியாவின் பெருநகரங்கள் பலவற்றுக்கும் முன்பாகவே மின்னியற்றியின் ரீங்காரத்தைத் தம் அன்றாட ஒலிச்சூழலில் கொண்டிருந்தனர். ஆனால் அம்மின்சாரம் முதலில் சென்றது சுரங்கத்துக்கே அன்றித் தொழிலாளர் குடியிருப்புக்கு அன்று என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் தாடியஸ் காஹில் என்பவர் மின்னியற்றியின் அந்த ரீங்காரத்தையே இசையாக்க முயன்றுகொண்டிருந்தார். ஒரு மின்னியற்றியின் மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முழு அலைவுகளை நிகழ்த்துகிறதோ அத்தனை அதிர்வெண்ணுள்ள சுரம் அதில் மறைந்திருக்கிறது. அவ்வாறாயின் வெவ்வேறு வேகத்தில் சுழலும் பல மின்னியற்றிகளை ஒரு விசைப்பலகையோடு இணைத்தால் அது ஓர் இசைக்கருவியாகிவிடும். இதுவே காஹிலின் கணக்கு. 1897இல் காப்புரிமை பெற்ற அவருடைய டெல்ஹார்மோனியம், 1906இல் நியூயார்க்கில் நிறுவப்பட்டபோது ஏறத்தாழ 200 டன் எடை கொண்டிருந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலமாதலால் இசை தொலைபேசிக் கம்பி வழியே உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் அனுப்பப்பட்டது. கருவி கட்டடம் போல் நின்ற இடத்தில் நின்றது. ஓசை மட்டும் பயணம் செய்தது. சில ஆண்டுகளில் அத்தொழில் நொடித்தது. மின்னிசைக் கருவியைக் கையில் தூக்கிச் செல்லலாம் என்பது அன்று எவரும் எண்ணிப்பாராத ஒன்று.

200 டன்னைப் பெட்டிக்குள் அடக்கியது வெற்றிடக் குழாய், நம்மூர் வானொலிப் பழுதுபார்ப்போர் மொழியில் ‘வால்வு’. சுழலும் இரும்பின்றியே அதிர்வை உண்டாக்கவும், சிறு அதிர்வைப் பெருக்கவும் அதனால் இயன்றது. 1920களில் ரஷ்யாவின் தெரமின், 1928இல் பாரிசில் அறிமுகமான மார்ட்டனோவின் கருவி, 1930இல் பெர்லினின் டிராட்டோனியம் என ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகள் தோன்றின. இவை எல்லாம் இசையரங்கின் அருங்காட்சிப் பொருள்களாகவே பெரும்பாலும் இருந்தன. வாசிக்கப் பயிற்சி வேண்டும், கருவியோ அரிது. வேறொரு தேவை உணவகத்திலும் நடனக்கூடத்திலும் வாசித்து வயிறு வளர்த்த பியானோ கலைஞரிடம் இருந்தது. வயலின், எக்காளம், குழல் என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை அமர்த்தப் பணமில்லை. இடக்கையால் பியானோவை வாசித்துக்கொண்டே வலக்கையால் இன்னொரு வாத்தியத்தின் குரலை எழுப்பமுடியுமா என்பதே அவர்களின் கேள்வி. அமெரிக்காவில் ஹாம்மண்ட் நிறுவனத்தின் சோலோவாக்ஸ், பிரான்சில் ஜார்ஜ் ஜென்னியின் ஓந்தியோலின் ஆகியவை இத்தேவையிலிருந்து பிறந்தவை. இவ்வரிசையில் மிகப் பரவலாகச் சென்ற கருவி, வெர்சாயைச் சேர்ந்த கோன்ஸ்தான் மார்த்தேன் 1947இல் உருவாக்கிய கிளாவியோலின்.

கருவியின் அமைப்பு எளியது. ஒரு பெட்டியில் மூன்று எண்மச் சுர அளவுள்ள சிறிய விசைப்பலகை. அதன்முன் வரிசையாகத் தெரிவு விசைகள். மற்றொரு பெட்டியில் பெருக்கியும் ஒலிபெருக்கியும். விசைப்பலகையைப் பியானோவின் விளிம்புக்குக் கீழே மாட்டிக்கொள்ளலாம். தனித் தாங்கியிலும் நிறுத்தலாம். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். வால்வு அலையியற்றி எழுப்பும் அதிர்வு ஏறத்தாழச் சதுர அலை. வண்டின் ரீங்காரம் போன்ற கரகரப்புடையது. அதிலிருந்து தாழ் அதிர்வெண்களையோ உயர் அதிர்வெண்களையோ வடிகட்டி நீக்கினால் ஒலியின் நிறம் மாறும். இழைவும் நடுக்கமும் சேர்க்கத் தனி விசை உண்டு. ஒலியளவை முழங்காலால் ஒரு நெம்புகோலைத் தள்ளிக் கட்டுப்படுத்தலாம். பெருக்கியும் வேண்டுமென்றே ஒலியைச் சற்றுச் சிதைத்து அனுப்பும். அச்சிதைவே கருவியின் அடையாளமாயிற்று. அலையியற்றி, வடிப்பான், பெருக்கி என்னும் இம்மூன்று படிகளே பிற்கால அனலாக் சின்தசைசர்களின் அடிப்படை வரிசையும் ஆகும் என்பது கவனிக்கத்தக்கது. வேறுபாடு, பின்வந்த கருவிகளில் ஒவ்வொரு படியையும் இன்னொரு மின்னழுத்தம் கட்டுப்படுத்தும். இதில் மனிதக் கையும் முழங்காலும் கட்டுப்படுத்தின.

பிரான்சிலும் பிரிட்டனிலும் செல்மர் பெயரிலும், அமெரிக்காவில் கிப்சன் நிறுவனத்தாலும், ஜெர்மனியில் யோர்கென்சன் நிறுவனத்தாலும் கிளாவியோலின் தயாரிக்கப்பட்டது. பிரிட்டனின் ஜென்னிங்ஸ் நிறுவனம் அதையொட்டி யூனிவாக்ஸ் என்னும் கருவியை உருவாக்கியது. 1962இல் தி டொர்னாடோஸ் குழு வெளியிட்ட ‘டெல்ஸ்டார்’ என்னும் கருவியிசை, ஒரு பிரிட்டிஷ் குழு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பெற்ற முதல் நிகழ்வு. அதன் பாடுகுரலாக ஒலித்தது கிளாவியோலின் வகைக் கருவியே. 1967இல் ஜான் லெனன் பீட்டில்ஸின் பாடலொன்றில் அதை வாசித்தார். இந்திய ஷெனாய் போன்றதொரு ஒலியை அதில் கேட்போர் உண்டு. மேற்கத்திய இசைவரலாறுகள் இவ்விரு பதிவுகளையும் தவறாமல் குறிக்கும். அவற்றுக்கு எட்டாண்டும் பதின்மூன்றாண்டும் முன்பே மும்பையில் நிகழ்ந்த ஒன்றைப் பல நூல்கள் அடிக்குறிப்பில்கூடச் சேர்ப்பதில்லை.

‘நாகின்’ படத்தை நந்தலால் ஜஸ்வந்த்லால் இயக்கினார். நாயகி, சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்து பரதநாட்டியம் பயின்று, 1949இல் ஏவிஎம்மின் ‘வாழ்க்கை’ மூலம் திரைக்கு வந்த வைஜெயந்திமாலா. இசையமைப்பாளர் வங்கத்தின் ஹேமந்த் குமார். பழங்குடிப் பெண்ணின் மனத்தை நாயகனின் மகுடி கவர்ந்திழுப்பதே கதையின் அச்சு. ஆகவே மகுடியிசை படம் முழுவதும் திரும்பத் திரும்ப வரவேண்டியிருந்தது. அதை கிளாவியோலினில் வாசித்தவர் கல்யாண்ஜி வீர்ஜி ஷா. கச்சிலிருந்து மும்பைக்கு வந்து மளிகைக் கடை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர். பின்னாளில் தம்பியோடு இணைந்து கல்யாண்ஜி–ஆனந்த்ஜி என்னும் இசையமைப்பாளர் இணையாகப் புகழ்பெற்றவர். ஹேமந்த் குமாரின் உதவியாளராக இருந்த ரவி ஹார்மோனியத்தில் உடன் வாசித்தார். தென்னகத்தில் இவரை மலையாளப் படங்களின் ‘பாம்பே ரவி’யாக அறிவர். ஒரு வால்வுக் கருவியும் ஒரு காற்றுத்துருத்திக் கருவியும் இணைந்து உருவாக்கிய குரலைத்தான் நாடு முழுவதும் சுரைக்குடுக்கையின் குரலென்று நம்பியது. அப்படத்துக்காக ஹேமந்த் குமார் பிலிம்பேர் விருது பெற்றார்.

ஏன் நம்பியது என்பது இயற்பியலுக்கு உரிய கேள்வி. மகுடியில் சுரைக்குடுக்கை காற்றறையாகும். அதன் அடியில் மெழுகால் பொருத்தப்பட்ட இரு நாணற்குழல்கள். ஒன்றில் துளைகள் உண்டு, மெட்டு அதில் எழும். மற்றொன்று சுருதிக் குழல். ஒவ்வொன்றிலும் ஒற்றை நாக்கு அதிர்கிறது. நாக்குள்ள முனை மூடிய முனையாகச் செயல்படுவதால், சீரான உருளை வடிவக் குழலில் ஒற்றைப்படைச் சீரிசைகளே ஓங்கி ஒலிக்கும். மேல்நிலை வகுப்பு மாணவர் ‘மூடிய ஆர்கன் குழாய்’ என்ற தலைப்பில் படிக்கும் அதே விதி. சதுர அலையும் ஒற்றைப்படைச் சீரிசைகளால் மட்டுமே ஆனது. ஆக, மார்த்தேனின் அலையியற்றி எழுப்பிய வடிவத்துக்கும் பாம்பாட்டியின் நாணல் எழுப்பிய வடிவத்துக்கும் இடையே செவிக்குத் தோன்றும் ஒற்றுமை தற்செயலான மயக்கமன்று. அலைவடிவத்திலேயே உள்ள உறவு. இன்னொன்றும் உண்டு. மகுடி ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சிழுப்பதால் ஓசை இடையறாது ஓடும். வால்வுக்கு மூச்சே தேவையில்லை. கிளாவியோலினின் நடுக்க விசையும் முழங்கால் நெம்புகோலும், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கும் விரல்நுணுக்கமும் சேர்ந்தபோது, மூச்சிழைவின் சாயல் வந்துவிட்டது. சுருதிக்குழலின் இடையறா ஒலி மட்டும் அதில் கிடையாது. ஒற்றைச் சுரக் கருவியால் அதைத் தரமுடியாது. கேட்போர் அதைத் தேடவும் இல்லை.

பாம்புக்குப் புறச்செவி கிடையாது, அது ஊதுபவரின் அசைவையே பின்தொடர்கிறது என்பதைப் பலரும் அறிவர். மகுடிக்கு மயங்கியது எப்போதும் மனிதர்தாம். கிளாவியோலின் அம்மயக்கத்தை நகலெடுத்தது.

தமிழிசை மரபில் பாம்போடு தொடர்புபடுத்தப்படும் இராகம் புன்னாகவராளி. நாதஸ்வரக்காரரும் வீணைக்கலைஞரும் ‘மகுடி’ என்ற பெயரில் அதன் சாயலில் வாசித்துக் கைதட்டல் பெற்ற மரபு கச்சேரி மேடையில் நெடுங்காலமாக உண்டு. ஆகவே மகுடியை வேறு கருவியில் ‘போலச்செய்தல்’ என்பதும் 1954இல் புதிதாகத் தோன்றியதன்று. புதியது, போலச்செய்தது மூலத்தை முழுவதுமாக மறைத்துவிட்டது என்பதே. இன்று பாம்பாட்டிக் காட்சி என்றால் எந்த ஊர்க் குழந்தைக்கும் மனத்தில் ஒலிப்பது அந்தத் திரைமெட்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்பாட்டிகளின் தொழில் சட்டத்துக்குப் புறம்பாயிற்று. அவர்களின் உண்மையான மெட்டுகளைப் பதிவு செய்யும் அக்கறை அதற்கு முன்பும் பெரிதாக இருந்ததில்லை. மின்பெட்டியின் குரல் அந்த வெற்றிடத்தில் ‘பாரம்பரியம்’ ஆகிவிட்டது. இதைக் கண்டு மின்கருவியைக் குற்றஞ்சொல்வது எளிது, முறையன்று. பாம்பாட்டிச் சமூகங்களின் இசையை இசையாகக் கருதாத செவி, கிளாவியோலினுக்கு மிக முந்தியது.

இனி அக்கருவியின் வழித்தோன்றல்கள். இவ்விடத்தில்தான் கதை எதிர்பாராத வகையில் கிளைக்கிறது.

ஜெர்மனியில் ஆறு எண்மச் சுர அளவுள்ள கிளாவியோலின் வடிவத்தை உருவாக்கியவர் ஹரால்ட் போடே. 1950களின் நடுவில் அவர் அமெரிக்கா சென்றார். அங்கே 1959–60இல், டிரான்சிஸ்டர்களைக் கொண்டு, தனித்தனிக் கூறுகளை வேண்டியவாறு ஒன்றோடொன்று இணைத்து ஒலியை உருமாற்றும் அமைப்பொன்றை வடிவமைத்து அதுபற்றி எழுதினார். கூறுகளாகப் பிரித்து இணைத்தல் என்னும் அவ்வெண்ணம், 1964இல் ராபர்ட் மூக் வெளிப்படுத்திய சின்தசைசருக்கு முன்னோடிகளுள் ஒன்றாயிற்று. மூக்கின் சாதனை மின்னழுத்தக் கட்டுப்பாடு. ஒரு வோல்ட் கூட்டினால் சுரம் ஓர் எண்மம் உயரும் என்னும் விதியை ஏற்படுத்தி, ஒரு கூறு மற்றொரு கூறை ஆட்டிவைக்குமாறு செய்தார். ஆனால் அவருடைய முதல் அமைப்புகள் அலமாரி அளவின. கம்பிகள் பின்னிக் கிடப்பவை. கையில் எடுத்துச் செல்லும் தன்மை மீண்டும் தொலைந்தது. 1969இல் லண்டனின் இஎம்எஸ் நிறுவனத்தில் பீட்டர் சினோவியெஃப், டேவிட் காக்கரெல், டிரிஸ்ட்ரம் கேரி மூவரும் உருவாக்கிய விசிஎஸ்-3, கம்பிகளுக்குப் பதிலாக ஒரு சிறு கட்டப்பலகையில் ஊசிகளைச் செருகும் முறையைக் கொண்டுவந்து அதை மேசைமேல் வைக்கத்தக்க அளவுக்குச் சுருக்கியது. இரண்டே ஆண்டில் கைப்பெட்டியாக மடக்கத்தக்க வடிவமும் வந்தது. 1970இல் மினிமூக். இவையே ‘முதல் கையடக்கச் சின்தசைசர்கள்’ என்று இசைநூல்களில் போற்றப்படுபவை. சின்தசைசர் என்ற சொல்லை மின்னழுத்தக் கட்டுப்பாடுள்ள கருவிக்கு மட்டும் ஒதுக்கினால் அக்கூற்று சரி. ஒலியைச் செயற்கையாகத் தொகுத்து வடித்து, கையில் தூக்கிச் சென்று வாசித்தல் என்று கொண்டால், அந்த வாழ்க்கையைக் கிளாவியோலின் இருபதாண்டுக்கு முன்பே வாழ்ந்துவிட்டது.

மற்றொரு கிளை ஜப்பானில். இக்குத்தாரோ ககேஹாஷி நிறுவிய ஏஸ் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் கிளாவியோலினை மாதிரியாகக் கொண்டு ஒரு விசைக்கருவியின் முன்வடிவைச் செய்தது. 1972இல் அவரே ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து, மும்பைத் திரையிசைக் குழுக்களில் கிதார் வாசித்துவந்த சரண்ஜித் சிங், அந்த ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 ஆகிய மூன்று கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை நடனத் தாளத்தில் வாசித்து 1982இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அது விற்கவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்டபோது, சிகாகோவின் ‘ஆசிட் ஹவுஸ்’ இசையை அவர் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார் என்று மேற்கத்திய இதழ்கள் வியந்தன. அவ்வியப்பில் மிகை உண்டு. இரண்டுக்கும் இடையே நேரடித் தொடர்பு கிடையாது. ஆயினும் வெர்சாயில் தொடங்கி, மும்பையின் மகுடியாகி, ஒசாகா வழியாக மீண்டும் மும்பைக்கே இராகமாக வந்து சேர்ந்த ஒரு வட்டம் இதில் இருப்பதை மறுக்க இயலாது.

இந்திய மின்னிசை வரலாறு பற்றி இன்று எழுதுவோர் பெரும்பாலும் தொடங்குமிடம் அகமதாபாத். 1961இல் நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்புக் கல்விக்கூடத்தில், 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் மூக் சின்தசைசர் ஒன்றையும் ஒலிநாடாப் பதிவுக் கருவிகளையும் கொண்டு ஒரு மின்னிசைக் கூடத்தை அமைத்துக்கொடுத்தார். முயற்சிக்குப் பின்னால் இருந்தவர் கீதா சாராபாய். 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை கற்பித்தவர். அக்கூடத்தில் ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலியோர் 1972 வரை உருவாக்கிய ஒலிநாடாக்களைப் பிரிட்டனைச் சேர்ந்த பால் பர்கஸ் கண்டெடுத்துச் சீராக்கி, 2023இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. அரிய பணி, ஐயமில்லை. ஆனால் அதை ‘இந்திய மின்னிசையின் பிறப்பு’ என்று அழைக்கும்போது ஒரு தேர்வு நிகழ்ந்துவிடுகிறது. நிறுவனம், நன்கொடை, வெளிநாட்டு வல்லுநர், பாதுகாக்கப்பட்ட நாடா ஆகியவை இருக்குமிடத்தில் வரலாறு தொடங்குகிறது. திரைப்பட ஒலிப்பதிவுக் கூடத்தில் நாட்கூலிக்கு வாசித்தவரின் பெட்டியிலிருந்து அது தொடங்குவதில்லை. ‘நாகின்’ மெட்டை இலட்சக்கணக்கானோர் கேட்டனர். அகமதாபாத் நாடாக்களை அக்காலத்தில் கேட்டோர் மிகச் சிலர். எது ‘பரிசோதனை’, எது ‘பிழைப்பு’ என்று பிரிக்கும் கோடு எங்கே, யாரால் வரையப்படுகிறது என்பதை இசைவரலாற்று மாணவர் கேட்டாகவேண்டும்.

பிழைப்பு என்னும் சொல்லை இழிவாகக் கொள்ளவேண்டியதில்லை. கருவி கையில் எடுத்துச் செல்லத்தக்கது என்பதன் பொருளாதாரப் பயன் சென்னையில் தெளிவாகத் தெரிந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் கடுமையாக இருந்த காலத்தில் வெளிநாட்டு மின்விசைக் கருவி ஒன்றை வைத்திருப்பவர் ஒரு சிறு முதலாளிக்குச் சமம். அவர் வாசிக்கப் போகலாம்; போகாவிடினும் கருவியை வாடகைக்கு அனுப்பலாம். மலையாளத் திரையிசையமைப்பாளர் ஆர். கே. சேகர் 1976இல் மறைந்தபின், அவர் சேர்த்துவைத்திருந்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அவர் மனைவி குடும்பத்தை நடத்தினார். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு அக்கருவிகளோடு சென்றுவந்த சிறுவன்தான் பின்னாளில் ஏ. ஆர். ரகுமான். 200 டன் டெல்ஹார்மோனியத்தை எவராலும் ஆட்டோவில் ஏற்றி வாடகைக்கு அனுப்பியிருக்க முடியாது. தென்னிந்தியத் திரையிசையின் ஒலிமாற்றத்தை அழகியலாகவே விளக்குவோர், ஒரு தாய் மாதச் செலவுக்காகக் கருவிகளை அனுப்பிவைத்த அந்தக் கணக்கையும் சேர்த்துப் படித்தல் நலம்.

தங்கவயலுக்கும் இதே வழியில்தான் மின்னிசை வந்தது: முதலில் திரைக்கொட்டகையின் ஒலிபெருக்கியில், பிறகு வானொலியில், பின்னர் மெல்லிசைக் குழுவின் மேடையிலும் தேவாலயப் பாடகர் வரிசையின் ஓரத்திலும் நின்ற விசைப்பலகையாக. 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. சிவசமுத்திரத்து மின்சாரத்தால் இயங்கிய தூக்குப்பொறிகள் நின்றுபோயின. பெங்களூருக்கு விடியற்காலை ரயிலில் வேலைக்குச் செல்லும் ஊராக அது மாறியது. அதே ஊரின் பெயரைத் தாங்கி 2018இல் வெளிவந்த கன்னடப் படத்தின் பின்னணியிசை மின்னொலிகளால் செறிந்திருந்தது. அதில் சுரங்கத் தொழிலாளரின் தமிழ் மிகக் குறைவாகவே கேட்டது என்ற மனக்குறை அவ்வூரார் பலருக்கு நியாயமாகவே தோன்றக்கூடும்.

பேண்டு செட்டோ நின்றுவிடவில்லை. அதன் கிளாரினெட்டும் ஒற்றை நாக்குள்ள உருளைக் குழல்தான். மூடிய குழாயின் விதி அதற்கும் பொருந்தும். ஒற்றைப்படைச் சீரிசைகளே அதிலும் ஓங்கும். நாணற்குழலின் குரலை 1954இல் வால்வு வாங்கிக்கொண்டது. வால்வின் மெட்டை ராபர்ட்சன்பேட்டைத் தெருவில் மீண்டும் ஒரு நாணல் நாக்கு, மூச்சுக்காற்றால், கூலிக்கு வாசித்துக்கொண்டு போகிறது.